கடலோரக் கோச்சியில் காலிக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்குப் பயணங்களைப் பற்றிய கடிதங்கள் நிறைய வரும். இம்முறை கொழும்பிலிருந்து காலிக்குக் கரையோரப் பாதையில் ரயிலில் போவது பற்றியே பலரும் கேட்டிருப்பதால், அந்தக் கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்து இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். காலியில் ஆசிரியப் பணி கிடைத்த காலத்தில் மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் இதே பாதையில் போய் வந்தவள் என்ற முறையில், எனக்கு இந்தக் கேள்விகள் மிகவும் பிடித்திருந்தன.

வெள்ளவத்தை வாசகி ஒருவர்: கனடாவிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். கடலைப் பார்த்துக்கொண்டே காலிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய பிள்ளைகளின் ஆசை. எங்களோடு எழுபத்தெட்டு வயதான அப்பாவும் வருவார். அதிவேகப் பாதை பஸ்ஸில் போனால் சுருக்காகப் போய்விடலாமே என்கிறார் என் கணவர். ரயில் சரிப்படுமா? சரிப்பட்டால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பதில்: நேரத்தை மட்டும் கணக்கிட்டால் உங்கள் கணவர் சொல்வது சரி. 2011ஆம் ஆண்டின் இறுதியில் தெற்கு அதிவேகப் பாதை காலி வரை திறக்கப்பட்ட பிறகு, அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்கு அருகே மாகும்புறவில் பஸ் ஏறியவர் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் காலியில் இறங்கிவிடுகிறார். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து மாகும்புற வரை நெரிசலில் ஊர்ந்து போகும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்தப் பாதை றப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே உள்நாட்டில் ஓடுகிறது என்பதுதான். அதில் போனால் பிள்ளைகள் கடலைக் காண மாட்டார்கள். கோட்டையிலிருந்து காலி வரை ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். விரைவு ரயிலில் இரண்டரை மணித்தியாலம் அளவில் எடுக்கும், எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ரயில் அதற்கு மேலும் எடுக்கும். அந்த நேரத்தைச் செலவிட உங்களுக்கு மனமிருந்தால் ரயிலிலேயே போங்கள்.

காலிக்குப் போகும்போது, ரயில் ஓடும் திசையை நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் கடல். ஆனால் வழி முழுவதும் கடல் தெரிந்துகொண்டே இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்காதீர்கள். கோட்டையை விட்டு பேரை வாவியின் ஓரமாகக் கொம்பனித்தெருவைக் கடந்து, கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது கடல் திடீரென்று தண்டவாளத்தின் அருகிலேயே வந்து நிற்கும். அங்கிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று நாம் தினமும் மாலையில் நடக்கும் கரை முழுவதும் அதன் துணை உண்டு. கல்கிசையைத் தாண்டியதும் பாதை உள்ளே திரும்பி, இரத்மலானை, மொரட்டுவைப் பக்கத்து வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே போகும். பாணந்துறையை அண்டியும் வாதுவைக்கு அப்பாலும் கடல் விட்டு விட்டுத் தோன்றும். களுத்துறையில் களு கங்கைப் பாலத்தின் மேல் ரயில் ஏறும்போது மட்டும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம், அருகே உட்புறம் வெறுமையாகக் கட்டப்பட்ட களுத்துறைப் பெரிய தாதுகோபம், கீழே அகன்று பழுப்பு நிறத்தில் ஓடும் நீர். அம்பலாங்கொடையைத் தாண்டி அக்குறல அருகே கடல் மறுபடி மிக நெருங்கி வரும். இடையில் வருகிற நிலப்பக்கத்தையும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். தென்னந்தோப்புகளும், ஈரத் துணி காயும் முற்றங்களும், ரயில் வரும் நேரத்துக்குக் கை காட்டுவதற்கென்றே வாசலில் நிற்கும் சிறு பிள்ளைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

எந்த ரயில் என்று கேட்டால், காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்பும்படி ஒரு வேலை நாளில் திட்டமிடுங்கள் என்பேன். காலையில் அலுவலகக் கூட்டம் தெற்கிலிருந்து கொழும்பை நோக்கி வருகிறது, மாலையில் அதே கூட்டம் கொழும்பிலிருந்து தெற்கே திரும்புகிறது. நீங்கள் இரு வேளையும் அதற்கு எதிர்த்திசையில் போவீர்கள். நீண்ட வார இறுதிகளிலும் போயா விடுமுறைகளிலும் இந்தக் கணக்குப் பலிக்காது, அந்த நாட்களில் எல்லோரும் கடற்கரைக்கே போகிறார்கள். ஏறுவதற்கு வெள்ளவத்தை நிலையம் வீட்டுக்குப் பக்கம் என்றாலும், எல்லா விரைவு ரயில்களும் அங்கே நிற்பதில்லை. நின்றாலும் இருக்கை கிடைக்காது. கோட்டைக்குப் போங்கள், முடிந்தால் பல ரயில்கள் புறப்படும் மருதானைக்கே போங்கள். ஆசன முன்பதிவு வசதியுள்ள ரயிலாக இருந்தால், பதிவு தொடங்கிய நாளிலேயே வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் கடல் பக்கத்து யன்னல் ஆசனங்கள் முதலில் போய்விடுகின்றன. நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நான் இங்கே நேரங்களை எழுதவில்லை. 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. நமது நிலையங்களில் மேடை தாழ்ந்தும் பெட்டியின் படி உயர்ந்தும் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். ஒருவர் முன்னால் இறங்கி நின்று கை கொடுக்க வேண்டும், மற்றவர் பின்னாலிருந்து தோளைப் பிடித்திருக்க வேண்டும். காலி, ரயில் நேரே தாண்டிப் போக முடியாத முட்டு நிலையம் என்பதால் ரயில் அங்கே சற்று நேரம் நிற்கும். ஆகவே அவசரப்பட்டு இறக்கத் தேவையில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாகவும் யன்னல் வழியே உப்புத் திவலை தெறிப்பதாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், அப்பாவுக்கு ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர் ஒருவர்: ரயிலில் விற்கும் வடையை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: சூடாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். கூடையில் பரப்பி, மேலே இறாலைப் பதித்துப் பொரித்த இஸ்ஸோ வடையும் கடலை வடையும், காகிதச் சுருளில் கச்சானும், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசியும் வரும். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் இரண்டு வடைகளையும் ஒரே எண்ணெயிலா பொரித்தார்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். வயதானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கொண்டு போவது என் பழக்கம். இலையையும் போத்தலையும் யன்னலுக்கு வெளியே எறியாமல் கையோடு கொண்டுபோய் நிலையத்தின் தொட்டியில் போடுங்கள், வெளியே எறிவது எல்லாம் அடுத்த மழைக்கு நாம் பார்க்கப் போன அதே கடலில்தான் சேர்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர்: இலங்கையில் முதல் ரயில் 1864இல் ஓடியதாகப் படித்தேன். காலி அவ்வளவு பெரிய துறைமுகமாக இருந்தும், அங்கே ரயில் போக ஏன் முப்பது ஆண்டுகள் ஆயின? அதற்கு முன் இரு நகரங்களுக்கும் இடையே எப்படித் தொடர்பு இருந்தது?

பதில்: நல்ல கேள்வி; இதற்கு விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1864 டிசம்பரில் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது, 1867இல் பாதை கண்டியை எட்டியது. இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம் கோப்பி. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புக்குக் கொண்டுவர நாட்கணக்கில் ஆனது. தோட்டத் துரைமார் ரயிலைக் கேட்டார்கள், அரசாங்கம் போட்டுக் கொடுத்தது. அந்தக் கோப்பியைப் பறித்தவர்களும், அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து நடந்தே மலையேறி வந்தவர்களும் நம்முடைய மக்கள் என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும்போது மறந்துவிடாதீர்கள். கரையோரத்தில் அப்படி அவசரப்படுத்தும் ஏற்றுமதிப் பயிர் இருக்கவில்லை. ஆகவே பாதை துண்டு துண்டாகத்தான் தெற்கே நகர்ந்தது: 1877இல் பாணந்துறை, 1879இல் களுத்துறை, 1890இல் அளுத்கமை, 1894இல் காலி, 1895இல் மாத்தறை. வழியெங்கும் ஆறுகள் கடலில் விழும் அகன்ற முகத்துவாரங்கள் இருந்தன. களு கங்கை, பெந்தோட்டை கங்கை, மாது கங்கை, கிங் கங்கை என்று ஒவ்வொன்றுக்கும் பாலம் கட்ட வேண்டியிருந்தது. நமது யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ரயில் 1905இல்தான் முழுமையாகப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஊருக்கு எப்போது ரயில் வந்தது என்பதை அன்றைய அரசாங்கத்தின் வருமானக் கணக்கே தீர்மானித்தது என்று புரியும்.

இதில் எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் ஒரு செய்தி உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் தபால் நீராவிக் கப்பல்கள் எல்லாம் காலியில் தங்கிய காலத்தில் அங்கே ரயில் இல்லை. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைத்தடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, பத்து ஆண்டுகளில் அது கட்டி முடிந்தபோது, கப்பல்கள் கொழும்புக்கு மாறிவிட்டன. காலிக்கு 1894இல் ரயில் வந்து சேர்ந்த நேரத்தில், அந்த ரயில் ஏற்றிச் செல்ல வேண்டிய வெளிநாட்டுப் பயணிகளும் தபால்களும் காலியை விட்டுப் போய்விட்டிருந்தன. காலிக் கோட்டை பழைய கோலத்தோடு இன்றும் அப்படியே எஞ்சியிருப்பதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ரயிலுக்கு முன்னே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடியது. அதைவிட வேகமான ஒரு வழியும் இருந்தது, அது புறாக்கள். 1850களில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை காலியில் புறாக்களை வைத்திருந்தது. கப்பல் வந்ததும் ஐரோப்பியச் செய்திகளை மெல்லிய காகிதத்தில் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிட்டார்கள், அது கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1858இல் இரு நகரங்களுக்கும் இடையே தந்திக் கம்பி தொடுக்கப்பட்ட பிறகு புறாக்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்னும் பின்னே போனால், 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாத்தறைக்கு அப்பாலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து காலிக்கும், காலியிலிருந்து கொழும்புக்கும் இதே கரை வழியாக வந்திருக்கிறார். அவருடைய குறிப்பில் கொழும்பு 'கலன்பு', காலி 'காலி'தான். நீங்கள் யன்னலோரம் உட்கார்ந்து போகும் வழி, ரயில் வருவதற்கு ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவான வழி.

பாதையின் பிற்கால வரலாற்றையும் இரண்டு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் தண்டவாளமும் பிணைப்பிரும்புகளும் விரைவாகத் துருப்பிடிப்பதால் இந்தப் பாதைக்குப் பராமரிப்பு மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2011, 2012 ஆண்டுகளில் களுத்துறைக்குத் தெற்கே மாத்தறை வரையிலான பகுதி இந்தியக் கடனுதவியோடு புதுப்பிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில், மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை ஏறத்தாழ 27 கிலோமீற்றர் நீளமான நீட்டிப்பு சீனக் கடனுதவியோடு திறக்கப்பட்டது.

தெஹிவளைத் தாயார் ஒருவர்: என் மகன் நண்பர்களோடு ரயிலில் கல்வி நிலையம் போகிறான். வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். சொன்னால் கேட்கிறானில்லை.

பதில்: இந்தக் கடிதத்தை அவனே வாசிக்கட்டும். தம்பி, கொள்ளுப்பிட்டிக்கும் கல்கிசைக்கும் இடையே பாதையின் ஓரத்தில் சமிக்ஞைக் கம்பங்களும், சுவர்களும், எதிரே வரும் ரயிலும் எவ்வளவு நெருக்கத்தில் கடந்து போகின்றன என்பதை உள்ளே அமர்ந்திருப்பவர் உணர்வதில்லை, தொங்குபவருக்கு உணர நேரம் கிடைப்பதில்லை. கூட்டத்தில் இடமில்லாமல் மிதிபலகையில் நின்று வேலைக்குப் போகும் மனிதர்கள் வேறு வழியின்றி அப்படிப் போகிறார்கள். உனக்கு வேறு வழி இருக்கிறது: அடுத்த ரயில். அம்மாவுக்கு ஒரு யோசனை. ஒரு சனிக்கிழமை நீங்களும் அவனோடு ஏறி, யன்னல் ஆசனத்தை அவனுக்கே கொடுத்துக் காலி வரை போய் வாருங்கள். கடலைப் பார்க்க வாசல் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

கல்கிசை வாசகர் ஒருவர்: சென்ற மாதம் காலிக்குப் போனபோது, ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் ரயிலில் இருந்த சிங்கள மூதாட்டி ஒருவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பெரலிய என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். என் மகள் 2006இல் பிறந்தவள். அவளுக்கு அங்கே நடந்ததை எப்படிச் சொல்வது?

பதில்: நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், அவள் வளர்ந்த பிள்ளை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், போயா தினமும்கூட. கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் தெற்கு நோக்கிப் புறப்பட்ட ரயிலில், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் நெருக்கமாக ஏறியிருந்தன. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நில அதிர்வின் அலை, கிழக்குக் கரையை அடித்த பிறகு தெற்கைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கும் வந்தது. பெரலியவில் ரயில் நின்றபோது முதல் அலை பெட்டிகளைச் சூழ்ந்தது. தண்ணீர் இனி வற்றிவிடும் என்று நினைத்த ஊர் மக்கள், உயரமான இடம் என்று நம்பி ரயிலின் மேலே ஏறினார்கள், பெட்டிகளின் மறுபுறம் ஒதுங்கினார்கள், பிள்ளைகளை உள்ளே ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது அலை பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து பிடுங்கி எறிந்தது. இறந்தோர் தொகை 1,700க்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. உலகில் ரயில் ஒன்றில் நிகழ்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு இதுதான்.

இதோடு நிறுத்திவிடாமல், இரண்டு செய்திகளை மகளுக்குச் சொல்லுங்கள். முதலாவது கடலைப் பற்றியது. அந்த அனர்த்தத்தின் பின் அங்கே ஆய்வு செய்தவர்கள், பெரலியவில் அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் நிலத்துக்குள் புகுந்ததையும், சில கிலோமீற்றர் தெற்கே ஹிக்கடுவையில் அது சில பத்து மீற்றர்களோடு நின்றுவிட்டதையும் கண்டார்கள். ஹிக்கடுவையின் பவளப்பாறைகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. பெரலியவை அண்டிய கரையில் பல காலமாகச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அலைக்கு அங்கே கதவு திறந்து கிடந்தது. ரயிலிலிருந்து பார்க்கும்போது அலை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக உடைவதை நீங்கள் காண்பீர்கள். அந்தக் கோட்டின் அடியில் இருக்கும் பாறைதான் கரையில் வாழ்பவர்களின் வேலி.

இரண்டாவது, அந்த ரயிலைப் பற்றியது. அதை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க இயந்திரம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு வழங்கிய இயந்திரங்களில் ஒன்றான அதற்கு அந்த நாட்டு மாகாணமான 'மனிடோபா'வின் பெயர். சிதைந்து கிடந்த அதனைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டார்கள். நினைவு நாளில் அந்த இயந்திரமே பெரலியவில் வந்து நின்று அஞ்சலி செலுத்தியிருக்கிறது. சிதைந்த பாதையும் இரண்டு மாதங்களுக்குள் சீரமைக்கப்பட்டு 2005 பெப்ரவரியில் ரயில்கள் ஓடத் தொடங்கின. அதைச் செய்து முடித்த தொழிலாளரில் தம் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அந்த மூதாட்டி கைகூப்பியது போல, நானும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவேன். முல்லைத்தீவிலும், மட்டக்களப்பு நாவலடியிலும், கல்முனையிலும், மருதமுனையிலும் அதே காலையில் நம்மவர்கள் எத்தனை பேரை இழந்தோம் என்பது நமக்குத் தெரியும். ஒரே கடல், ஒரே நாள். அந்தப் பெட்டியில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உங்கள் மகளும் கைகூப்பியிருந்தால், இருவருக்கும் மொழி தேவைப்பட்டிருக்காது.

வத்தளை வாசகர் ஒருவர்: தென்பகுதி நிலையம் ஒன்றில் மேடை மாற்றத்தைச் சிங்களத்தில் மட்டும் அறிவித்தார்கள். எனக்கு விளங்கவில்லை, ரயிலைத் தவறவிட்டேன். இதைச் சொன்னால் தமிழர் குறைவான ஊர்தானே என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமல்ல. ஒரு ரயில் நிலையத்துக்கு வருபவர் அந்த ஊரவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியூரவர் வந்து இறங்குவதற்காகத்தானே அது கட்டப்பட்டிருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது, அந்த உரிமை நடைமுறையில் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நிலையத்தின் பெயர், திகதி, நேரம், எந்த அறிவித்தல் என்பவற்றைக் குறித்து, பயணச்சீட்டின் பிரதியோடு அந்த ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். கோபத்தில் நீளமாக எழுத வேண்டாம். ஒரு பக்கம் போதும்.

எனக்கும் இப்படி நேர்ந்தது. ஒரு மழை இரவில் எங்கள் ரயில் சிறு நிலையம் ஒன்றில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டது. அறிவித்தல் ஒரு மொழியில் மட்டுமே வந்தது. என் அருகில் மகளைப் பார்க்க மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த திருகோணமலை அம்மா ஒருவர் என்னவோ நடந்துவிட்டது என்று நடுங்கத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் விளக்க முயன்றுகொண்டிருக்கும்போதே, எதிரே இருந்த மீன் வியாபாரி ஒருவர் எழுந்துபோய் நிலைய அதிபரிடம் கேட்டு வந்து, மரம் விழுந்திருக்கிறது, வெட்டுகிறார்கள், பயமில்லை என்று தமிழில் சொன்னார். பேருவளைக்காரர். அந்தக் கரையில் பேருவளையிலும் அளுத்கமையிலும் வெலிகமையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். ஆகவே தமிழர் குறைவு என்று சொல்பவருக்கு, தமிழ் குறைவில்லை என்று பதில் சொல்லலாம்.

கொள்ளுப்பிட்டி வாசகி ஒருவர்: காலியில் ஒரு நாள் தங்க முடியும். தமிழ் ஆர்வமுள்ள எங்களுக்கு அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நேரமிருந்தால் மாத்தறை வரை போகலாமா?

பதில்: காலியில் தமிழுக்கு மிக முக்கியமான பொருள் இப்போது காலியில் இல்லை, உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ரயில் ஏறுவதற்கு முந்திய நாள் அதைப் பார்த்துவிடுங்கள். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு பொறிப்பித்துக் கொண்டுவந்த கல் அது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்துகள். மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்புகள் அல்ல. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய இறைவனுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளைத் தருவதாகச் சொல்கின்றன. தெனாவரை என்பது நாம் இன்று தெய்வேந்திரமுனை என்று சொல்லும் இடம். அங்கிருந்த பெருங்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இந்தக் கல் 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. எழுத்து மங்கலாக இருந்தாலும், தமிழ் வரிகளை எதிரில் நின்று பார்க்கும்போது ஏற்படும் உணர்ச்சியை நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவைக்க முடியாது. சீனப் பேரரசின் கடற்படை ஒன்று, இந்தத் தீவின் தென்கரையில் பேசுவதற்குத் தேவை என்று தேர்ந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

அதைப் பார்த்துவிட்டுக் காலிக்குப் போனால் ஊர் வேறுவிதமாகத் தெரியும். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரிவாக்கிக் கட்டிய அந்தக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைச் சொத்தாக்கப்பட்டது. மதில் மேல் முழுச் சுற்று நடக்க ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது மாலை நான்கு மணிக்குப் பின். நடுப்பகல் வெயிலில் அங்கே நிழல் இல்லை. வெளிச்சவீட்டுக்கு அருகே பள்ளிவாசல் இருக்கும் தெருக்களில் காது கொடுத்து நடந்தால் வீட்டு வாசல்களிலிருந்து தமிழ் கேட்கும்.

மாத்தறை வரை கட்டாயம் போங்கள். கொக்கலை, அஹங்கமைப் பக்கத்துக் கடற்கரையும் வெலிகமை வளைகுடாவும் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. ஒரு விடயத்தை மட்டும் மறக்க வேண்டாம். காலி நிலையத்துக்குள் வந்த ரயில் நேரே வெளியேற முடியாது. இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் பூட்டி, வந்த வழியே பின்னோக்கி வெளியேறித்தான் மாத்தறைப் பாதையில் திரும்பும். ஆகவே கொழும்பிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்த ஆசனம் காலிக்குப் பிறகு நிலப்பக்கமாகிவிடும். இயந்திரம் மாற்றும் அந்தச் சில நிமிடங்களில், காலியில் இறங்கியவர்கள் விட்டுப்போன எதிர்ப்பக்கத்து யன்னலோரத்துக்கு மாறிவிடுங்கள்.